வெனிஸில் எந்தப் பகுதியில் தங்கலாம்?

வெனிஸ் போகிறவர்கள் பலரும் சான் மார்கோ சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே அறை தேடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பகல் முழுக்க அங்கே கூட்டம், அறை வாடகையும் அதிகம். சதுக்கத்தை அதிகாலையில் நடந்தே போய்ப் பார்த்துவிடலாம், ஆள் நடமாட்டமும் குறைவாக இருக்கும்.

பழைய நகரத்தில் மொத்தம் 6 பகுதிகள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது கன்னரேஜியோ. சாந்தா லூச்சியா ரயில் நிலையம் அங்கேதான் இருக்கிறது. இது சின்ன விஷயமல்ல. வண்டிகள் வந்து நிற்கிற பியாஸ்ஸாலே ரோமா சதுக்கத்தைத் தாண்டினால் காரும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. இருப்பது 400க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. சக்கரம் வைத்த பெட்டியையும் ஒவ்வொரு பாலத்திலும் தூக்கித்தான் ஏற வேண்டும். அதனால் அறை பதிவு செய்யும் முன் வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்க்காமல், வழியில் எத்தனை பாலம் வருகிறது என்று எண்ணிவிடுங்கள்.

அப்புறம், செலவைக் குறைக்க நினைத்தால், தீவுக்கு வெளியே நிலப்பரப்பில் மெஸ்த்ரே என்ற பகுதி இருக்கிறது. ரயிலில் சுமார் 10 நிமிடம். ஆனால் பகல் கூட்டம் கலைந்தபின் கால்வாய் ஓரமாகச் சும்மா நடக்கிற சுகம் அங்கே கிடைக்காது. ஒரு ராத்திரியாவது தீவுக்குள் தங்கப் பாருங்கள்.