பெடலிலிருந்து காலை எடுத்தும் எஞ்சின் இரைகிறதா? கேபிளைப் பாருங்கள்

ஐப்பசி அடைமழைக்குப் பிறகு, கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த பழைய மாருதி 800-ல் பெடலிலிருந்து காலை எடுத்தும் எஞ்சின் இரைச்சல் இறங்காமல் இழுக்கும். உடனே கார்பரேட்டரைக் கழற்ற வேண்டாம். முதலில் ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் பாருங்கள்; பெடலையும் கார்பரேட்டரையும் இணைக்கும், உறைக்குள் ஓடும் கம்பி அது.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பானட்டைத் திறந்து கேபிளை விரலால் அழுத்துங்கள். சில மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். விறைப்பாக இருந்தால் ஐட்லிங், அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், இறங்காது. தொய்ந்து கிடந்தால் மிதித்தாலும் இழுவை வராது. கேபிள் முனையில் உள்ள இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, அளவு பார்த்து, எதிரெதிராக இறுக்குங்கள். பிறகு ஒருவரைப் பெடலை முழுவதும் மிதித்து விடச் சொல்லி, த்ராட்டில் (கார்பரேட்டரில் காற்றுப் போகும் வழியின் மூடி) முழுதாகத் திறந்து சட்டென்று மூடுகிறதா என்று கவனியுங்கள்.

என் காரில் பெடல் பக்க முனையில் ஒரே ஓர் இழை, தலைமுடி அளவுதான், பிரிந்து உறைக்குள் மாட்டியிருந்தது. மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போகும் வழியில் பெடல் மேலே வரவில்லை. நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக் பிடித்து, ஓரங்கட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. இழை பிரிந்த கேபிளை ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஈரத்தில் இறுகியது மட்டும் என்றால், கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, உறைக்குள் தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும்.