ஹோட்டன் பிளேஸ் என்றால் சேற்றூர்: ஆங்கிலக் குடும்பப் பெயரைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

கொழும்பு 7 ஹோட்டன் பிளேஸில் ஒரு பேர்ச் காணி என்ன விலை போகிறது என்று கேட்டாலே தலை சுற்றும், ஆனால் ஹோட்டன் என்ற பெயரைப் பிரித்தால் கிடைப்பது சேற்றூர். பழைய ஆங்கிலத்தில் 'ஹோரு' சேறு, 'டூன்' வேலியடைத்த பண்ணை, பின்னாளில் ஊர்.

ஊர்ப் பெயரிலிருந்து வந்த ஆங்கிலக் குடும்பப் பெயர் என்றால் அதன் வாலைத்தான் முதலில் பிடிக்கவேண்டும். வெள்ளவத்தை, கறுவாத்தோட்டம் என்றால் வத்தையும் தோட்டமும் நமக்கு உடனே பிடிபடுகிறதே, அப்படி. டன் என்றால் பண்ணையூர், ஹாம் குடியிருப்பு, லி காட்டுக்குள் வெட்டவெளி, பை டேனியர் குடியேறிய ஊர். ஃபோர்ட் என்பது நம்முடைய கோட்டை இல்லை, ஆற்றை நடந்து கடக்கும் துறை. அப்புறம் தலையைப் பாருங்கள்: ஸ்டான்லி கல்வெளி, பிராட்ஃபோர்ட் அகன்ற துறை. கிருலப்பனையில் ஸ்ட்ராட்ஃபோர்ட் அவென்யூ இருக்கிறதல்லவா, அது ரோமர் போட்ட வீதி ஆற்றைக் கடக்கும் இடம்.

இன்றைய எழுத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். கேம்பிரிட்ஜ் என்றால் கேம் ஆற்றுப் பாலம் என்று தோன்றும், ஆனால் பழைய பெயர் கிராண்டா ஆற்றுப் பாலம். ஊர்ப் பெயர் திரிந்தபிறகுதான் ஆற்றுக்கே கேம் என்று பெயர் வந்தது. அதனால் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே என்ற இங்கிலாந்து நிலப் பதிவேட்டில் அந்த ஊர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

சரி, ஊர்ப் பெயர் ஆளுக்கு எப்படி வந்தது? கரவெட்டியில் இருக்கும்வரை ஒருவரை யாரும் கரவெட்டியார் என்று கூப்பிடமாட்டார்கள், கொழும்புக்கு வந்தபிறகுதான் அந்தப் பெயர் ஒட்டும். இங்கிலாந்திலும் அதே கதை, பிராட்லி என்று பெயர் உள்ளவரின் மூதாதை பெரும்பாலும் பிராட்லியை விட்டுப் போனவர். நிலப்பிரபுக்கள் மட்டும் விலக்கு: வாஷிங்டன் குடும்பத்தின் முன்னோர் 12ஆம் நூற்றாண்டில் டரம் பக்கம் அந்த ஊரைப் பெற்றபிறகு தங்கள் பழைய பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

சட்டன், நோர்ட்டன், நியூட்டன் எல்லாம் தெற்கூர், வடக்கூர், புதூர். நம்மூர்ப் புதூர்களைப்போல அவையும் பல இடங்களில் இருப்பதால் எந்த ஊர் என்று அடம்பிடிக்காதீர்கள், பிரித்தானியாவின் 1881 குடிசன மதிப்பில் அந்தப் பெயர் எந்த மாவட்டத்தில் குவிந்திருக்கிறது என்று தேடுங்கள்.

பெயர் ரத்தத்தில் வந்ததா என்றும் பார்க்கவேண்டும். 1831 முதல் 1837 வரை இங்கே ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டன் பிறப்பால் வெறும் வில்மட்தான், மாமனாரின் உயில் சொன்னதற்காக 1823இல் ஹோட்டனைச் சேர்த்துக்கொண்டார். ஆக, அந்தச் சேறுகூட மனைவி வீட்டுச் சேறு.