சொந்தக் குதிரை இல்லாமல் பள்ளிக் குதிரையேற்ற அணியில் சேர்வது எப்படி

"குதிரையேற்றமா, அதற்குக் குதிரை வாங்கணுமே" என்று பயந்து அந்தப் பேச்சையே வளரவிடாத பெற்றோர் நிறைய. அமெரிக்காவில் 4ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பயம் வேண்டாம். இன்டர்ஸ்கோலாஸ்டிக் ஈக்வெஸ்ட்ரியன் அசோசியேஷன், சுருக்கமாக ஐஇஏ, 2002இல் தொடங்கிய அமைப்பு. இதன் போட்டிகளுக்கு யாரும் தன் குதிரையை ஓட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. குதிரை, சேணம், கடிவாளம் எல்லாமே போட்டியை நடத்துபவர்கள் ஏற்பாடு, யாருக்கு எந்தக் குதிரை என்பது குலுக்கலில். வீட்டில் நாலு குதிரை கட்டி வைத்திருப்பவர் பிள்ளைக்கும் அதே குலுக்கல்தான்.

பள்ளியில் அணி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பல அணிகள் பயிற்சி கொடுக்கும் லாயங்களில்தான் இருக்கின்றன, வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகள் ஒரே அணியில் சேரலாம். அருகில் இரண்டு மூன்று லாயங்களுக்கு நேரில் போய்ப் பாருங்கள். ஹன்ட் சீட் (இங்கிலீஷ் பாணி, தடை தாண்டுவதும் இதில் உண்டு), வெஸ்டர்ன் (கௌபாய் பாணி), டிரஸ்ஸாஜ் (குறித்த அசைவுகளை வரிசையாகச் செய்து காட்டுவது) இவற்றில் எது சொல்லித்தருகிறார்கள், பாடத்துக்கு எத்தனை குதிரைகள் இருக்கின்றன, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் போட்டியில் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். இதில் இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே நான் முடிவெடுப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

போட்டி நாளில் பிள்ளை ஏறப்போவது அதுவரை தொட்டே பார்த்திராத ஒரு குதிரையில். ஏறி, ஸ்டிரப்பின் (கால் வைக்கும் வளையத்தின்) நீளத்தைச் சரிசெய்துகொண்டு, பெரும்பாலும் நேராகக் களத்துக்குள் போக வேண்டும். தடை தாண்டும் பிரிவில் ஓரிரு தடைகளைத் தாண்டிப் பார்க்க விடுவார்கள். அதனால் வாரம் முழுக்க ஒரே செல்லக் குதிரையில் அழகாக ஓட்டிப் பழகிய பிள்ளை இங்கே தடுமாறும். சோம்பேறிக் குதிரை, காலை வைத்ததும் பாய்கிற குதிரை, ஒரு பக்கம் இழுக்கிற குதிரை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கும்படி கோச்சிடம் கேளுங்கள். ஸ்டிரப் இல்லாமல் ஓட்டும் பயிற்சியும் வேண்டும். தொடை வலிக்கும், பிள்ளை திட்டும், பரவாயில்லை.

அப்புறம், தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்களே, இங்கே கட்டாயம் பார்க்க வேண்டும். போட்டி தொடங்கும் முன் காலையில் வேறு ஆட்கள் அந்தக் குதிரைகளை ஓட்டிப் பழக்குவார்கள். பிள்ளைகள் போனை உள்ளே வைத்துவிட்டு வேலியோரம் நின்று அதைக் கவனிக்க வேண்டிய நேரம் இது. எது கேன்டருக்கு (மிதமான பாய்ச்சல் ஓட்டத்துக்கு) மாறத் தயங்குகிறது, எது மூலையில் மிரள்கிறது, எதற்குச் சாட்டை தேவைப்படுகிறது, எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். ஹன்ட் சீட்டில் நடுவர் பார்ப்பது குதிரையின் அழகை அல்ல, ஓட்டுபவர் உட்காரும் விதத்தையும் அவர் கட்டுப்பாட்டையும்தான். அதனால் மோசமான குதிரை வந்துவிட்டது என்று புலம்பினால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

புள்ளிக் கணக்கு எளிது. முதல் ஆறு இடங்களுக்கு முறையே 7, 5, 4, 3, 2, 1. ஒவ்வொரு பிரிவிலும் யாருடைய புள்ளி அணிக்குச் சேரும் என்பதை கோச் போட்டிக்கு முன்பே குறித்துக் கொடுத்துவிடுவார், பிள்ளைகளுக்கு அது தெரியாது. நல்ல ஏற்பாடு என்பேன், எல்லோரும் தான்தான் அது என்று நினைத்து ஓட்டுவார்கள். பிள்ளையின் முன் அனுபவத்தை மட்டும் படிவத்தில் குறைத்து எழுதாதீர்கள். அதை வைத்துத்தான் நிலை பிரிக்கிறார்கள், தவறான நிலையில் போட்டியிட்டால் வாங்கிய புள்ளியும் போகும்.

செலவே இல்லையா என்றால், இருக்கிறது. உறுப்பினர் கட்டணம், ஒவ்வொரு பிரிவுக்கும் நுழைவுக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாக வாராந்திரப் பாடம். கோட்டும் பூட்ஸும் பழையதாக வாங்கலாம், வளர்ந்துவிட்ட அக்காமார்களிடம் நிறையக் கிடைக்கும். ஹெல்மெட் மட்டும் புதிதாக, பாதுகாப்புச் சான்று பெற்றதாக வாங்குங்கள், ஏற்கெனவே விழுந்து அடிபட்டதா என்று வெளியே பார்த்துத் தெரியாது. சில லாயங்களில் சாணி அள்ளி, சேணம் துடைத்துக் கொடுத்தால் பாடக் கட்டணத்தில் கொஞ்சம் கழிப்பார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

12ஆம் வகுப்போடு இது நின்றுவிடாது. கல்லூரிகளுக்கு ஐஎச்எஸ்ஏ என்று 1967இலிருந்து ஓர் அமைப்பு இருக்கிறது, அங்கேயும் இதே குலுக்கல் குதிரைதான்.