கரிசல் சரிவில் என்ன செடி வைக்கலாம்?

எங்கள் வீடு கோவில்பட்டிப் பக்கம். கொல்லைப்புறம் ஓடையைப் பார்த்து இறங்கும் கரிசல் சரிவு. பூவைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வைத்த செடிகளில் ஒன்றுகூட அந்தச் சித்திரையைத் தாண்டவில்லை. காய்ந்த ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் குழியை விட்டு வெளியே போகாமல் பம்பரக் கயிறு மாதிரி சுற்றிக் கிடந்தது. பக்கத்திலேயே விரல் நுழையும் வெடிப்பு. அன்றிலிருந்து பூவைப் பார்ப்பது இரண்டாவது வேலை, வேரைக் கேட்பதுதான் முதல் வேலை.

1. மண்ணை உருட்டிப் பாருங்கள். ஒரு பிடி ஈரமண்ணை உள்ளங்கையில் திரியாக உருட்டுங்கள். உடையாமல் மெல்லிய திரியாக நீண்டால் களி அதிகம். இந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெடிக்கும்போது மேலாக ஓடும் வேர்களை அறுத்துவிடும்.

2. மழையில் நின்று பாருங்கள். சரிவு முழுக்க ஒரே நிலம் அல்ல. மேட்டில் தண்ணீர் நிற்காமல் ஓடும், நடுவில் மண்ணை அரிக்கும், அடியில் தேங்கும். மூன்றுக்கும் வேறு வேறு செடி வேண்டும்.

3. இடத்துக்கு ஏற்ற செடி. மேட்டுக்கு ஆவாரை. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பிடுங்கி நட்டால் சுணங்கும், விதையே போடுங்கள். விதைத்தோல் கடினமானது, வெந்நீரில் ஊறவைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும்.

நடுச்சரிவுக்கு வெட்டிவேர். இதற்கு ஈடாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாகப் போகும். நல்ல நிலத்தில் 3 மீட்டர் வரைகூட இறங்கும். தூரைப் பிரித்து, தாளை ஒரு சாண் உயரத்துக்கு நறுக்கி, 10–15 செ.மீ. இடைவெளியில் சரிவுக்குக் குறுக்கே நடுங்கள். வரிசை மட்டமாக இருக்க வேண்டும். கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயை (டியூப் லெவல்) ஒரு நாள் இரவல் வாங்கினால் போதும். வரிசையில் இடைவெளி விழுந்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே பாய்ந்து பள்ளம் பறித்துவிடும். பட்டுப்போன இடத்தில் உடனே மறுநடவு செய்யுங்கள்.

அடிவாரத்துக்கு நொச்சி. ஈரமும் தாங்கும், வறட்சியும் தாங்கும். வேலியோரம் ஆடாதொடை வைத்தால் ஆட்டுத் தொல்லை இல்லை. அரளியும் தாக்குப்பிடிக்கும், ஆனால் முழுச்செடியும் விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். உண்ணிச்செடி அழகாகப் பூத்தாலும் எங்கும் பரவிவிடும், வைக்காதீர்கள்.

4. குழி. மணலும் எருவுமாகக் குழியை நிரப்பாதீர்கள். சுற்றிலும் களி இருக்க, குழி மட்டும் பொலபொலவென்று இருந்தால் மழைநீர் அதில் கிண்ணம் போலத் தேங்கி வேர் அழுகும். தோண்டிய மண்ணையே உடைத்துப் போடுங்கள். மண்வெட்டி பட்டு வழவழப்பான குழிச்சுவரைக் கம்பியால் கீறிவிட்டால்தான் வேர் உள்ளே நுழையும். செடிக்குக் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் சிறு கரை கட்டுங்கள்.

5. காலம். புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே வேர் பிடித்துவிடும். முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். தினமும் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். பங்குனியில் வெடிப்பு விழத் தொடங்கும்போதே, அது தூரைத் தொடுவதற்குள், களைக்கொட்டால் மேல்மண்ணைக் கொத்தி வெடிப்பை மூடிவிடுங்கள்.