சூலை தீர்த்த பாட்டைத் தேடி வருகிறவர்களுக்கு: கடலூர், புதுச்சேரி வழிகாட்டி

இசையால் உடம்பும் மனசும் தேற வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் திருவதிகை. பண்ருட்டியை ஒட்டி, கெடில ஆற்றங்கரையில் இருக்கிறது. புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களையும் கடற்கரையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் திருவதிகை? பாட்டுப் பாடி நோய் தீர்ந்தது என்று தமிழர்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லிவரும் கதை நடந்த இடம் அது. பக்கத்து ஊரான திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து, பாடலி என்ற இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெயரோடு தலைவராக இருந்தார். அங்கே அவருக்குச் சூலை நோய் வந்தது. வயிற்றைப் பிடுங்கும் வலி. எந்த மருத்துவத்துக்கும் மந்திரத்துக்கும் அடங்கவில்லை. கடைசியில் இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து, அக்கா திலகவதியார் காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப்போனார். அங்கே பாடியதுதான் ‘கூற்றாயினவாறு’ என்று தொடங்கும் பதிகம். வலி நீங்கியது, திருநாவுக்கரசர் என்ற பெயரும் வந்தது என்கிறது பெரியபுராணம்.

அந்தப் பதிகத்தை வருவதற்கு முன்பே ஒரு தடவை பொருளோடு படித்துவிடுங்கள். குடலைத் துடக்கி முடக்குகிறது என்று வலியை உள்ளபடி சொல்கிறது அது. நோயாளி ஒருவர் தன் உடம்பில் நடப்பதை மறைக்காமல் சொல்லி, கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் பாடுகிறார். இசையும் ஆறுதலும் எங்கே சேருகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. அதன் பண், அதாவது பழந்தமிழ் ராகம், கொல்லி. கோயில்களில் தேவாரம் பாடும் ஓதுவார்கள் இன்று இதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். தருமபுரம் சுவாமிநாதன் ஓதிய தேவாரப் பதிவுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். விமானத்திலேயே கேட்டுப் பழகிக்கொண்டு வாருங்கள்.

பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கொல்லி இராப்பண். அதனால் திருவதிகைக்குச் சாயங்காலம் போவது பொருத்தம். நடுப்பகலில் போனால் நடை சாத்தியிருக்கும். இந்தப் பக்கத்துப் பெரிய கோயில்கள் எல்லாமே மதியம் பன்னிரண்டு பன்னிரண்டரைக்குச் சாத்திவிட்டு நாலு மணிக்கு மேல்தான் திறக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதிகம் ஏமாந்துபோவது இதில்தான். பண்ருட்டி ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடம். கடலூரிலிருந்து பேருந்தில் வந்தால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். உள்ளே திலகவதியாருக்கும் சந்நிதி உண்டு, பார்க்காமல் திரும்பாதீர்கள். எல்லாக் கோயில்களிலும் எல்லா நேரமும் ஓதுவார் இருப்பதில்லை. கோயில் அலுவலகத்தில் எந்தப் பூசையில் ஓதுவார் பாடுவார் என்று கேட்டுக்கொண்டு போங்கள். தீபாராதனை முடிந்ததும் சட்டென்று வெளியே வந்துவிடாதீர்கள், பெரும்பாலும் அப்போதுதான் தேவாரம் ஒலிக்கும்.

பூசை முடிந்தபின் ஓதுவாரிடம் ‘ஐயா, கூற்றாயினவாறு ஒரு பாட்டுப் பாட முடியுமா’ என்று கேட்டுப் பாருங்கள். நேரம் இருந்தால் மனமுவந்து பாடுவார்கள். சம்பளம் பெரிதில்லாத வேலை அது. தட்சணையை வெற்றிலை பாக்கோடு, மரியாதையாகக் கையில் கொடுங்கள். பாடும்போது முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டிப் படம் பிடிக்க வேண்டாம். முதலில் கண்ணை மூடிக் கேளுங்கள். பதிவு வேண்டுமானால் அனுமதி கேட்டு இன்னொரு பாட்டுக்கு எடுங்கள்.

இலண்டன், டொரண்டோ, சிட்னி கோயில்களில் பஞ்சபுராணம் கேட்டு வளர்ந்த ஈழத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற அந்த வரிசையை அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தப் பாட்டில் வரும் ஊர்கள் இங்கே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன என்பதை அவர்களுக்குக் காட்டுங்கள். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் கடலூர் நகருக்குள்ளேயே இருக்கிறது. கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் (திருநாவுக்கரசர்தான்), ‘சொற்றுணை வேதியன்’ பாடிக் கரையேறியதாகச் சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பமும் பக்கத்தில்தான். ரயிலில் வருகிறவர்கள் கவனிக்க: கடலூருக்கு இரண்டு நிலையங்கள். நகரத்துக்கும் கோயிலுக்கும் போக திருப்பாதிரிப்புலியூரில் இறங்குங்கள். சந்திப்பு நிலையம் முதுநகரில், துறைமுகப் பக்கம் இருக்கிறது.

சிதம்பரத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டது இந்தக் கோயிலில்தான் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. ஏடு கிடைத்தும் பண் தெரியவில்லை. அப்போது சம்பந்தர் பாட்டுக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணை அழைத்துவந்து பண் வகுக்கச் செய்தார்களாம். அவர் ஊர் திருஎருக்கத்தம்புலியூர். இன்று ராஜேந்திரப்பட்டினம் என்று பெயர், விருத்தாசலம் பக்கம், இதே கடலூர் மாவட்டம். சுற்றுலாப் பேருந்து எதுவும் அங்கே நிற்பதில்லை. வண்டி வைத்திருப்பவர்கள் அவசியம் போய்வாருங்கள். தமிழிசையை நமக்குக் காத்துக்கொடுத்த பெண்ணின் ஊர் அது, அவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை என்பது என்னை எப்போதும் வருத்தும். சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரி இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையாக நடக்கிறது. இசை படிக்கும் பிள்ளைகள் கூட வந்தால், முன்கூட்டியே எழுதிக் கேட்டு ஒரு வகுப்பில் உட்காரவைக்கப் பாருங்கள். மகாசிவராத்திரி சமயத்தில் வந்தால் 1981இலிருந்து நடக்கும் நாட்டியாஞ்சலி நடன விழாவும் கிடைக்கும்.

ராகத்தால் நோய் தீருமா?

ஆனந்தபைரவி இரத்த அழுத்தத்துக்கு, சங்கராபரணம் மனநோய்க்கு, இன்னொன்று சர்க்கரைக்கு என்று ஒரு பட்டியல் கைப்பேசியில் எல்லோருக்கும் வந்திருக்கும். இந்த ராகம் இந்த நோயைத் தீர்க்கும் என்று ஒன்றுக்கொன்று பொருத்தும் அந்தப் பட்டியலுக்கு உறுதியான மருத்துவ ஆதாரம் கிடையாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஊருக்கு வந்த அம்மாவோ மாமாவோ அப்படி நிறுத்தினால் தயங்காமல் தடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வது, இசையின் மேல் நம்பிக்கை குறைவு என்பதால் இல்லை. நம்பிக்கை இருப்பதால்தான்.

இசை செய்யக்கூடியவை வேறு. அறுவைச் சிகிச்சைக்கு முன் வரும் பதற்றத்தை அது குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மெதுவாக நீட்டிப் பாடும்போது மூச்சு விடும் நேரம் நீள்கிறது, உடம்பு தளர்கிறது. வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று ரீங்கரித்தால் மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு கூடுகிறது என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள். யோகத்தில் பிராமரி என்று நாம் செய்வது அந்த ரீங்காரம்தான். விமானப் பயணத்தில் தூக்கம் கெட்டு, நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்து உட்காரும் பிள்ளைகளுக்கு நீலாம்பரியில் ஒரு தாலாட்டு பாடிப் பாருங்கள். அந்தக் காலத்துப் பண் பெயர் மேகராகக்குறிஞ்சி, அதுவும் இராப்பண். பாட்டி பக்கத்தில் இருந்தால் அவரையே பாடச் சொல்லுங்கள்.

இசையைச் சிகிச்சையாக முறைப்படி பார்க்க வேண்டும் என்றால், புதுச்சேரி கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதை நடத்தும் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் இசை சிகிச்சைக்கும் யோக சிகிச்சைக்கும் தனித்தனி மையங்களை அமைத்தது. மருத்துவமனைக்குள்ளேயே, மருத்துவர்களோடு சேர்ந்து செய்கிற வேலை என்பதால் எனக்கு இதில் மதிப்பு அதிகம். நேரே போய் நிற்காமல், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தொடர்புகொண்டு நேரம் கேளுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள்.

யோகம் கற்க, சுவாமி கீதானந்தர் வழியில் வந்த ஆனந்த ஆசிரமம் புதுச்சேரியில் இருக்கிறது. மூச்சுப் பயிற்சிக்குப் பேர் போன மரபு அது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில் சுற்றுலாத் துறை சர்வதேச யோகா விழா நடத்தும், விடுமுறைக்கு வருகிறவர்களுக்குத் தோதான நேரம். ஆரோவில்லில் ஸ்வரம் என்ற இசைக்கருவிப் பட்டறை உண்டு. மணி, கல், குழல் என்று ஒலியை உடம்பில் உணரவைக்கும் கருவிகளைச் செய்கிறார்கள், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது நம் பண் மரபிலிருந்து வேறு வகை. அங்கே மட்டும் போய்விட்டு ‘தமிழ்நாட்டு இசை வைத்தியம் பார்த்தாச்சு’ என்று ஊர் திரும்பிவிடக் கூடாது.

வடலூர்

வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. யார் போனாலும் சாப்பாடு உண்டு. உடம்பைப் பேணுவது பற்றி அவர் விரிவாக எழுதியிருக்கிறார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் அவர் பரிந்துரைத்தவை. பசித்தவருக்குச் சோறு, நோயுற்றவருக்கு மூலிகை, மனசுக்குப் பாட்டு என்று மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவர் அவர். அங்கே உட்கார்ந்து அவர் பாடிய அருட்பெருஞ்ஜோதி அகவலை நாலு பேர் சேர்ந்து ஓதுவதைக் கேட்டால் இது புரியும். ஒரே அளவில் வரும் அடிகள், மூச்சு தானாகவே சீராகிவிடும். கொலையும் புலால் உண்பதும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வர வேண்டும் என்று அவர் கட்டிய ஞானசபையில் எழுதியிருக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் அதை மதித்து வெளியே நின்று கும்பிடுங்கள். தைப்பூசத்தில் கூட்டம் தாங்காது. வயதானவர்களோடு வந்தால் மாதப் பூசத்தன்று வாருங்கள், அன்றும் ஜோதி தரிசனம் உண்டு.

சித்த மருத்துவம்

அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது, செலவில்லாமல் பார்க்கலாம். புதுச்சேரியில் மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. தனியாரிடம் போனால் பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்துப் பதிவு செய்தவரா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. விடுதி வாசலில் ‘நாடி பார்த்து எல்லாம் சொல்வேன்’ என்று வருகிறவரிடம் கையை நீட்ட வேண்டாம். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் முதலிலேயே காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பற்பம், செந்தூரம் போன்றவற்றில் உலோகம், பாதரசம் எல்லாம் சேரும். மருத்துவர் தொடர்ந்து கவனித்துப் பார்க்கக்கூடிய நிலையில்தான் அவற்றைச் சாப்பிட வேண்டும். மூன்று வாரத்தில் ஊர் திரும்புகிறவர்கள் தொடங்காமல் இருப்பதே நல்லது. கஷாயம், சூரணம், பத்தியம், எண்ணெய்க் குளியல் அளவில் கேளுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலையாதீர்கள், பகலில் தூங்காதீர்கள் என்று வீட்டில் சொல்வார்கள். கேட்டு நடங்கள்.

வருவதற்கு நல்ல காலம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் மழையில் மாட்டிக்கொண்டால் ஒரு நாளும் திட்டப்படி போகாது. சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூசை வரும். அன்று திருவதிகையில் இருப்பது பெரிய பேறுதான், ஆனால் வெயில் கடுமை. குளிர்நாட்டிலிருந்து வருகிறவர்கள் காலை எட்டு மணிக்குள்ளும் மாலை ஐந்துக்கு மேலும் வெளியே போகும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு வேட்டி சேலை போதும், செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்தரையில் நடக்க வேண்டியிருக்கும்.

திரும்பிப் போகும்போது மருந்து எடுத்துப்போகிறவர்கள், கடையில் பொட்டலம் கட்டிய பொடியைப் பெட்டியில் திணிக்காதீர்கள். பெயரும் சேர்மானமும் அச்சிட்ட, உறை பிரிக்காத மருந்தாக வாங்கி, மருத்துவர் சீட்டோடும் ரசீதோடும் வையுங்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் விதை, வேர், காய்ந்த இலை எதுவானாலும் இறங்கும்போது படிவத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும். மற்ற நாடுகளுக்கும் விதிகள் வேறுவேறு, கிளம்பும் முன் அந்தந்த நாட்டுச் சுங்கத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.