நல்ல சீட்டு வந்தால் எப்போது ஏற்றுவது? லிமிட் டிரா போக்கரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் சீட்டுக்கட்டை எடுத்தால் பெரும்பாலும் ரம்மிதான். ஆனால் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடிய விடிய முழித்திருக்கும் இரவில், பாயைப் போட்டு ஐந்து பேர் உட்கார்ந்தால் டிரா போக்கர் ஆடிப் பாருங்கள், தூக்கமே வராது. புளியங்கொட்டை வைத்தே ஆடுங்கள். இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டில் காசு வைத்து ஆடினால் உறவு கெடும்.

ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒரு சுற்று கட்டிய பிறகு வேண்டாத சீட்டைப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம். பிறகு இன்னொரு சுற்று. லிமிட் ஆட்டத்தில் கட்டும் அளவு முன்கூட்டியே பேசி வைத்தது: முதல் சுற்றில் 2 கொட்டை, மாற்றிய பின் 4 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுவதும், அதாவது முன்னவர் கட்டியதற்கு மேல் கட்டுவதும், அதே அளவில்தான். நாற்பது கொட்டையை மொத்தமாகத் தள்ளி யாரையும் மிரட்ட முடியாது. அதனால் எந்த நேரத்தில் ஏற்றுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பலரும் செய்கிற பெரிய தவறு, இரண்டு ஜோடி வந்ததும் கமுக்கமாக இருப்பது. ஜாக்கி ரெண்டு, நாலு ரெண்டு கையில் இருக்கும். “ஆட்கள் சேரட்டும்” என்று சும்மா கட்டிக்கொண்டே போவார்கள். அந்தக் கை இனி பெரிதாக வளராது. ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் ரெண்டு) ஆக, கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டில் நாலே நாலுதான் உதவும்; நூற்றுக்கு எட்டரை. எதிரே ஒற்றை ஜோடி வைத்திருப்பவர் மூன்று சீட்டு மாற்றினால், அவர் கை ஏதாவது ஒரு வகையில் உயர நூற்றுக்கு 28-க்கு மேல் வாய்ப்பு உண்டு. அப்படி மூன்று பேரை உள்ளே விட்டால் உங்கள் ரெண்டு ஜோடி எப்படித் தாங்கும்?

கொட்டைக் கணக்காகவே பார்க்கலாம். ஐந்து பேரும் ஆளுக்கு 1 போட்டதில் நடுவில் 5. முதல் ஆள் 2 கட்டுகிறார். அடுத்து நீங்கள். உங்களுக்கு அடுத்தவர் கையில் நாலு ஆட்டின் (ஹார்ட்ஸ்). இன்னொரு ஆட்டின் விழுந்தால் கலர், அதாவது ஐந்தும் ஒரே இனம். 47 சீட்டில் ஆட்டின் 9, மற்றவை 38. போடுவதற்கு 4.2 மடங்கு நடுவில் இருந்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். நீங்களும் 2 மட்டும் கட்டினால் நடுவில் 9. அவர் 2 போட்டால் போதும். நாலரை மடங்கு! தாராளமாக உள்ளே வருவார். நீங்கள் ஏற்றி 4 கட்டியிருந்தால் நடுவில் 11, அவர் போட வேண்டியதும் 4. மூன்று மடங்குகூடத் தேறாது. அதற்கு மேலும் வந்தால் நஷ்டக் கணக்கில்தான் வருகிறார்.

ஒரே எண்ணில் மூன்று சீட்டு வந்தால் கணக்கு வேறு. நூற்றுக்கு இரண்டு தடவைதான் அது முதல் கையிலேயே வரும். உங்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் பேச வேண்டியிருந்தால் சும்மா கட்டி அவர்களை உள்ளே விடலாம். எல்லோரும் கட்டி முடித்துக் கடைசியாக உங்களிடம் வந்தால் தயங்கவே கூடாது, ஏற்றுங்கள். ஏற்கெனவே 2 போட்டவர் இன்னொரு 2-க்காக எழுந்து போவது அபூர்வம். இங்கே சும்மா இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. வருகிற கொட்டையை வேண்டாம் என்கிறார்கள்.

சீட்டு மாற்றிய பிறகு நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. உங்களிடம் மூன்று ராணி. எதிரே மாமா.

“எத்தனை சீட்டு மாமா?”

“ஒண்ணு போதும் மாப்ள.”

அந்த ஒற்றைச் சீட்டு எதற்கு? முதல் சுற்றில் மாமா என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். ஏற்றிவிட்டு ஒன்று கேட்டால் பெரும்பாலும் ரெண்டு ஜோடி. தைரியமாக 4 கட்டுங்கள், அவர் கூடவே வருவார். சும்மா கட்டிவிட்டு ஒன்று கேட்டால் கலரோ வரிசையோ (அடுத்தடுத்த ஐந்து எண்கள்) தேடுகிறார். அவரிடம் கட்டுவது வீண். சீட்டு விழாவிட்டால் கவிழ்த்துவிடுவார், உங்களுக்கு ஒரு கொட்டைகூடக் கூடாது. விழுந்திருந்தால் திருப்பி ஏற்றுவார், 8 போகும். ராணி மூன்று என்பதற்காகக் கட்டாதீர்கள். பேசாமல் தட்டிவிட்டு, அதாவது எதுவும் கட்டாமல் முறையை விட்டுவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மூன்று சீட்டு மாற்றியவரிடம் இந்த யோசனையே வேண்டாம், கட்டிவிடலாம்.

ஒரு சீட்டுகூட மாற்றாமல் “எனக்குப் போதும்” என்று உட்காருகிறவரிடம் வரிசையோ கலரோ அதற்கு மேலோ இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது பொய்யாகவும் உட்காருவார். அதற்காக, ஒரு தடவை கட்டிக் காட்டச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்று ராணியை நம்பி அவரோடு மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தால், முன்னால் இருக்கும் குவியல் அந்த ஒரே ஆட்டத்தில் பாதியாகிவிடும்.