பொரித்து மிஞ்சிய எண்ணெயில் பயோடீசல்: முதல் ஒரு லிட்டர்

பொரித்து மிஞ்சிய எண்ணெய் ஒரு லிட்டர் சேர்ந்துவிட்டதா? அதை மெத்தனாலோடு வினைபுரிய வைத்தால் கிளிசரின் பிரிந்து, டீசல் எஞ்சினில் எரியும் அளவுக்கு எண்ணெய் இளகிவிடும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மெத்தனால் விஷம், உடலுக்குள் போனால் கண்பார்வையையே பறிக்கும். அது பற்றி எரிந்தால் வெயிலில் தீ தெரியவே தெரியாது. அதனால் திறந்தவெளியில், நெருப்பில்லாத இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

1. தண்ணீரை ஓட்டுதல்: எண்ணெயைத் துணியில் வடிகட்டி, 110 டிகிரியில் சடசடப்பு அடங்கும்வரை சூடாக்குங்கள். இதைச் சோம்பலில் விட்ட என் முதல் முயற்சி ஒரு குடம் சோப்புக் கூழாக முடிந்தது. உள்ளே மெத்தனால் இருந்ததால் பாத்திரம் துலக்கக்கூட ஆகவில்லை.

2. அமிலத்தை அளத்தல்: 1 கிராம் காஸ்டிக் சோடாவை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். வேறொரு குப்பியில் 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 1 மி.லி. எண்ணெய், இரண்டு சொட்டு பினாப்தலீன் (காரம் மிகுந்தால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி). இதில் சோடா நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு கலையாமல் நின்றதும், எத்தனை மி.லி. செலவானது என்று பாருங்கள். அதோடு 3.5 கூட்டினால், ஒரு லிட்டர் எண்ணெய்க்கு வேண்டிய காஸ்டிக் சோடா கிராமில் கிடைக்கும். 2 மி.லி. என்றால் 5.5 கிராம். 5 மி.லி.க்கு மேல் போனால் அந்த எண்ணெயை விட்டுவிடுங்கள். பழகுவதற்கு அது சரிப்படாது.

3. கலத்தல்: 200 மி.லி. மெத்தனாலில், மேலே கணக்கிட்ட அளவு காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள், தானாகவே சூடேறும். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரித்துவிடும். தடித்த பிளாஸ்டிக் கேன் நல்லது. எண்ணெய் 55 டிகிரிக்கு இறங்கிய பிறகே இதனோடு சேர்க்கவேண்டும், ஏனென்றால் மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடிக் குலுக்குங்கள், அவ்வப்போது மூடியைத் தளர்த்தி அழுத்தத்தை விடுங்கள். இருபது நிமிடம் போதும்.

4. பிரித்தல்: ஓர் இரவு அசைக்காமல் வைத்தால் கருத்த கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பதை வடித்து, வெதுவெதுப்பான நீர் தெளித்து, நீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை கழுவுங்கள். குலுக்கிவிட்டால் பால்போல் கலங்கிவிடும். அப்புறம் ஈரம் போகச் சூடாக்குங்கள்.

5. சோதனை: 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலை விட்டு ஆட்டுங்கள். தெளிவாகக் கரைந்தால் சரி. அடியில் எண்ணெய் தங்கினால் வினை முடியவில்லை; மூன்றாவது படியை இன்னொருமுறை செய்யவேண்டும்.